ரோகிணி வேண்டாமென்ற மூட்டைகள்

நியாயம் பேசுவதில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்கள் இந்தக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு வாயைத் திறக்கட்டும். பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்த ஒருத்தியின் கதைதான் இது.

ஃபிஜித் தீவுகளில் லம்பாசா என்று ஓர் ஊர். அங்கே கவா வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் தரம் பார்க்கிறவள் ரோகிணி கவுண்டர். கவா மிளகுக் குடும்பத்துச் செடி. வேரைக் காயவைத்து இடித்து, தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் குடிப்பார்கள். நாக்கு மரத்துப்போகும், மனசு லேசாகும். நல்ல சாதி வேர் அவ்வளவோடு விட்டுவிடும். மட்டமான சாதி ஒன்று உண்டு; அது குடித்தவனை இரண்டு நாள் குமட்டலோடு படுக்கையில் போட்டுவிடும். தூளாக்கிவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால், தூளாக வாங்காதே, வேராக வாங்கு, ஒடித்துப் பார், முகர்ந்து பார் என்று ஊர் ஊராகப் பாடம் நடத்துவாள் ரோகிணி.

மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்று, தரகர்களை விட்டுவிட்டு, முதல்முறையாகக் கம்பெனிக்கே நேராக விற்க முன்வந்தது. அவள் சரி என்றால் அந்த வருஷத்து விளைச்சல் முழுக்கப் போகும். வேண்டாம் என்றால் வேறெந்த வியாபாரியும் அதைத் தொடமாட்டான். அவள் வாய்க்கு அவ்வளவு மதிப்பு.

அந்த நாட்டில் ஓர் ஊருக்குள் போகிறவர்கள் கொஞ்சம் கவாவை ஊர்த் தலைவர் முன்னால் வைக்கவேண்டும். செவுசெவு என்பார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு கைதட்டிய பிறகுதான் வந்தவர் விருந்தாளி. போகும் வழியில் பஸ் நிலையத்துக் கடையொன்றில் ரோகிணி தூள் பொட்டலம் இரண்டு வாங்கினாள். ஒன்று கொடுக்க, ஒன்று கையிருப்பாக.

"வேராக் கட்டி வச்சிருக்காங்களே பாப்பா, அதை வாங்கலாமே" என்றார் டிரைவர் வேலப்பன்.

"நேரமாச்சு அண்ணே. இது சும்மா மரியாதைக்குத்தானே, ஏற்றுமதிக்கா?"

கிராமத்தில் இறங்கியதும், செவுசெவுவை நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று பொட்டலத்தை வேலப்பனிடம் தந்துவிட்டு அவள் வேர் காயும் பரண்களுக்குப் போனாள். பரண்கள் தரைக்கு மேலே, ஆடு கோழி ஏறாத உயரத்தில் இருந்தன. பெண்கள் வேரை ஓடைத் தண்ணீரில் மண் போகக் கழுவியிருந்தார்கள். தண்டுத் துண்டுகளைக் கலக்காமல் தனியே ஒதுக்கியிருந்தார்கள். மூட்டைகளின் அடியிலிருந்து வேரை உருவி ஒடித்தாள். படக்கென்று ஒடிந்தது, பூஞ்சை வாடையே இல்லை. குப்பியில் மருந்து ஊற்றிச் சோதித்தாள். மட்டமான சாதியென்றால் சிவக்கும்; இது மஞ்சளாகவே நின்றது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாத ஒரு சின்ன எரிச்சலோடுதான் அவள் ஊர்க்கூடத்துக்குத் திரும்பினாள்.

அங்கே கவா ஓடிக்கொண்டிருந்தது. ஊர்த் தலைவர் ஜோசேபா கொட்டாங்கச்சியில் நீட்டியதை வாங்கிக் குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். சற்று நேரத்தில் வயிறு புரட்டியது. எதிரே இருந்தவர் எழுந்துபோய் வெளியே வாந்தி எடுத்தார்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாக நினைத்தாள். எழுந்து நின்றாள்.

"காட்டினது ஒண்ணு, கரைச்சது ஒண்ணு. இந்தச் சரக்கு எங்களுக்கு வேண்டாம்."

ஜோசேபா வேலப்பனைப் பார்த்தார். வேலப்பன் பாயைப் பார்த்தார். வேர் கழுவிய பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீங்கள் சொன்னால் சரி என்றார் ஜோசேபா, அவ்வளவுதான்.

குமட்டல் அடங்கி அவள் ஆபீசுக்கு வந்த அன்று வேலப்பன் கதவருகே வந்து நின்றார்.

"அன்னிக்குக் கரைச்சது நம்ம பொட்டலம் பாப்பா. பிரிக்கும்போதே வாடை சரியில்லை."

விருந்தாளி தந்ததைத்தான் முதலில் கரைப்பார்கள் என்பது அந்த மண்ணில் பிறந்த ரோகிணிக்குத் தெரியாதா? தெரியும். பரண்களைப் பார்த்து வருவதற்குள் அது தீர்ந்து, அவர்களுடையது ஓடுகிறது என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள். அப்போதே சொல்வதற்கென்ன என்று வேலப்பன்மேல் பாய்ந்தாள். எல்லார் முன்னாலும் நம்ம ஆளை நானே எப்படிக் கவுக்கிறது என்றார் அவர்.

பையிலிருந்த மற்றப் பொட்டலத்தைப் பிரித்துச் சோதித்தாள். குப்பி சிவந்தது.

உடனே ஜோசேபாவுக்குப் போன் போட்டாள். பிரித்ததுமே வாடையில் தெரிந்துவிட்டது, ஊரில் பாதிப்பேர் இன்னும் படுக்கையில்தான் என்றார். தெரிந்தும் ஏன் குடித்தீர்கள், ஏன் கொடுத்தீர்கள், நான் பழி போட்டபோது ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டாள். அங்கே குடியேறிய இந்தியர்கள் பேசும் லம்பாசாப் பக்கத்து இந்தியில் அவர் நிதானமாகச் சொன்னார்: "விருந்தாளி கொண்டுவந்ததை மட்டம்னு எந்த வாயால சொல்றது மகளே? நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு நினைச்சேன். அதுதானே உன் வேலை."

இப்போது சொல்லுங்கள். தெரிந்தே ஊருக்கு ஊற்றிக்கொடுத்த ஜோசேபா, தெரிந்தே பாயைப் பார்த்த வேலப்பன், தெரியாமல் பழி போட்ட ரோகிணி: மூவரில் யார் குற்றம் பெரிது?

விடை: ஜோசேபாவைப் பெருந்தன்மைக்காரர் என்று புகழ்ந்து முடித்துவிடாதீர்கள், அந்தப் பெருந்தன்மையை ஊரின் வயிறல்லவா சுமந்தது? வேலப்பனின் விசுவாசமும் அப்படித்தான். ஆனாலும் இருவரும் தமக்குத் தெரிந்ததை மறைத்தது இன்னொருவர் முகம் வாடக்கூடாதென்று. ரோகிணியோ தனக்குத் தெரியாததைச் சொல்லி ஓர் ஊரின் முகத்தையே வாடவைத்தாள். மூட்டை மூட்டையாகச் சோதித்தவள், குடித்த கவாவைப் பற்றி 'இது யார் கொண்டுவந்தது?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய குற்றம் அவளுடையதே. கம்பெனி அந்த மூட்டைகளை வாங்கிக்கொண்டது. ஆனால் அதற்கு முன் அவள் மறுபடி அந்தக் கூடத்துக்குப் போய், வேர் கழுவிய பெண்கள் எல்லாரும் கேட்க, மட்டமான பொட்டலம் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள்; அதை யார் கொண்டுவந்தது என்று கேட்கத் தனக்கு ஏன் தோன்றவில்லை என்பதையும் சொன்னாள்: "தப்புன்னு ஒண்ணு இருந்தா அது உங்களுதாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."