வெங்கச்சாம்பட்டிக்குக் குளிர்காற்று வந்த கதை

வெங்கச்சாம்பட்டியில் மொத்தம் பதினேழு வீடுகள். பதினேழு வீட்டிலும் நன்றாக யோசிக்கிறவர்கள்தான் இருந்தார்கள். யோசிக்காமல் ஒரு காரியம் செய்தார்கள் என்று அவர்கள்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. வந்த வினையெல்லாம் யோசித்த பிறகு வந்ததுதான்.

அந்த ஊரில் வெயிலுகந்தான் என்று ஒருவன். பெயரில்தான் வெயிலை உகந்தானே தவிர, கத்திரி தொடங்கிவிட்டால் அவனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. அவன் மனைவி பூச்செண்டுக்கு அதைவிட மோசம். அந்த வருஷக் கத்திரியில் கோழி இட்ட முட்டை அவித்த முட்டையாகவே விழுகிறதென்று ஊரில் பேச்சு. பூச்செண்டு ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். எட்டாம் நாள் இரண்டு சேலையை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கிழக்கே மூன்று மைலில் இருக்கிற அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஊர் குளிர்ந்தால் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் வெயிலுகந்தான் சோறு பொங்கியதில்லை. முதல் நாள் பானையில் தண்ணீரை மட்டும் ஊற்றிக் கொதிக்கவைத்து, அரிசியை மறந்தான். இரண்டாம் நாள் அரிசியைப் போட்டு நெருப்பை மறந்தான். மூன்றாம் நாள் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்து குறை சொல்ல ஆளில்லாததால் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் ஊரைச் சுற்றி வந்து சுவர், ஆட்டுக்கல், பாறை, எருமை என்று எதிர்ப்பட்டதையெல்லாம் தொட்டுப் பார்த்தான். எதுவும் குளிரவில்லை. எருமை உதைத்தது.

ஐந்தாம் நாள் காலை, எதிர்வீட்டு அங்குச்சாமியின் ரேடியோவில் வானிலை அறிக்கை வாசித்தார்கள். அங்குச்சாமி ஏழாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவர். ஒரே வகுப்பை அவ்வளவு ஆழமாகப் படித்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அதனால் ரேடியோ சொல்வதற்கு அர்த்தம் சொல்லும் பொறுப்பு அவருடையது.

ரேடியோ சொன்னது இவ்வளவுதான். தென்மாவட்டங்களின் உள்பகுதியில் ஓரிரு இடங்களில் இன்று பலத்த காற்றுடன் இடியும் மழையும் இருக்கும். அதைத் தொடர்ந்து குளிர்ந்த காற்று வீசும். பொதுமக்கள் மரத்தின் கீழ் நிற்க வேண்டாம். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.

குளிர்ந்த காற்று என்றதுமே வெயிலுகந்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே கிளம்பிவிட்டான். ஊர்த்தலைவர் மாடக்கண்ணு துண்டின் நுனியைப் பிடித்து அவனை உட்காரவைத்தார்.

"அவசரப்படாத மாப்ள. ஓரிரு இடம்னுல்ல சொல்றான். அது எந்த இடம்?"

நியாயமான கேள்வி. சுற்றுவட்டாரத்தில் நாற்பது ஊர் இருக்கிறது. மழையோ ஒன்றிரண்டு இடத்துக்குத்தான். நாம் ஓர் இடம் என்று மேலே இருக்கிற மழைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள் ஆடு மேய்க்கிற சடச்சி. ஊர் கூடி அரை நாள் பேசியது. கடைசியில் இரண்டு பெரிய பலகை கொண்டுவந்தார்கள். ஒன்றில் 'இடம்' என்று சுண்ணாம்பில் எழுதினார்கள். ஓரிரு என்றால் இரண்டாகவும் இருக்கலாம் என்பதால் மற்றதில் 'இன்னோர் இடம்' என்று எழுதினார்கள். மழை மேலிருந்து படிக்கவேண்டும் அல்லவா, அதனால் இரண்டையும் தரையில் மல்லாத்திப் போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அங்குச்சாமி அந்தக் கடினமான விஷயத்தை எடுத்தார்.

"மீனவர் கடலுக்குப் போக வேண்டாம்னு உத்தரவு. நம்மூர்ல மீனவரே கிடையாது. அப்ப போகாம இருக்கிறது யாரு?"

ஊர் உண்டான நாளிலிருந்து இந்த உத்தரவை ஒருவர்கூட மதித்ததில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வருஷாவருஷம் மழை ஏமாற்றுவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. உடனே ஒரு மீனவரை நியமிப்பதென்று முடிவாயிற்று. வெயிலுகந்தானுக்குத்தான் வீட்டில் ஆளில்லை, வேலையுமில்லை. போதாததற்குப் போன மாதம் அவன் வீட்டில் கருவாட்டுக் குழம்பு மணத்திருக்கிறது. ஆகவே அவனை மீனவனாக்கி, மாடக்கண்ணு வீட்டுக் கொசுவலையைக் கையில் கொடுத்து, கடலுக்குப் போகாமல் இருக்கச் சொன்னார்கள். கடல் அங்கிருந்து எழுபது மைல். அவன் ரொம்பக் கவனமாகப் போகாமல் இருந்தான்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது.

புயல் முன்னால் வருகிறது, குளிர்காற்று பின்னால் வருகிறது. முன்னால் வருகிறவன் வழியை அடைத்துக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவன் எப்படி உள்ளே வருவான் என்றாள் சடச்சி. அதனால் எல்லா வீட்டிலும் முன்கதவையும் பின்கதவையும் விரியத் திறந்துவைத்து, புயலை மரியாதையாக உள்ளே விட்டு வெளியே அனுப்பினார்கள். புயலும் முன்வாசல் வழியாக நுழைந்து, கொடியில் கிடந்த வேட்டி, முறம், விளக்குமாறு, மாடக்கண்ணுவின் தலையணை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போயிற்று. போகிறவன் வெறுங்கையோடு போகவில்லை என்பதில் ஊருக்குத் திருப்தி.

இதற்குள் எல்லோரும் வேப்பமரத்தில் ஏறியிருந்தார்கள். மரத்தின் கீழ் நிற்கத்தானே கூடாது. கிளைக்கு நாலு பேராக உட்கார்ந்து புயலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாடக்கண்ணு இருந்த கிளை முறிந்து அவரோடு கீழே வந்தது. அவர் அடியிலும் கிளை மேலேயுமாகக் கிடந்தார். தலைவரே உத்தரவை மீறி மரத்தின் கீழ் இருக்கிறாரே என்று மேலே இருந்தவர்கள் கவலைப்பட்டார்கள்.

"நான் எங்க நிக்கிறேன்? படுத்துல்ல கிடக்கேன்" என்றார் மாடக்கண்ணு கிளைக்குள்ளிருந்து.

அது சரிதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மழை ஒரு மணி நேரம் கொட்டியது. விட்டதும் இறங்கிப் பார்த்தால் பலகையில் எழுத்தே இல்லை. மழை படித்துவிட்டு அழித்துவிட்டுப் போயிருந்தது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் வந்தது பாருங்கள் குளிர்காற்று. ஈரமண் வாசனையோடு, கழுத்துக்குப் பின்னால் ஊதுகிற மாதிரி. எல்லோரும் ஓடி அவரவர் வீட்டில் நுழைந்த காற்றை முன்னும் பின்னும் கதவடைத்துப் பூட்டிவிட்டு, வெளியே புழுங்காமல் நின்றார்கள். வெயிலுகந்தானும் தன் வீட்டுக் காற்றைப் பூட்டினான். அது பழசாகுமுன் பூச்செண்டைக் கூட்டிவர வேண்டும் என்று ஓடினவனை அங்குச்சாமி மறித்தார். மாமியார் ஊர் கிழக்கே. கடலும் கிழக்கே. மீனவன் கிழக்கே நடந்தால் ரேடியோக்காரன் என்ன நினைப்பான்?

வெயிலுகந்தானுக்கு அழுகையே வந்துவிட்டது. பொங்கின சோற்றையும் உதைத்த எருமையையும் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினான். ஊரே இரங்கிப்போய் யோசித்தது. சடச்சிதான் வழி கண்டுபிடித்தாள்.

"முகத்த மேற்க வச்சிக்கிட்டுப் பின்னாலயே நடங்க கொழுந்தனாரே. பார்க்கிறவனுக்குக் கடல்லருந்து வார மாதிரித்தான் இருக்கும்."

அப்படியே கொசுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேற்கே பார்த்தபடி கிழக்கே நடந்தான். இரண்டு தடவை கள்ளிச்செடியில் உட்கார்ந்தான். ஒரு தடவை மாட்டுவண்டியில் மோதி, மாட்டிடம் மன்னிப்புக் கேட்டான். ஒன்றரை மைல் போயிருப்பான், முதுகுக்குப் பின்னால் அவனுக்குத் தெரிந்த கொலுசுச் சத்தம் கேட்டது. பூச்செண்டு குளிர்ந்த காற்றுப் பட்டவுடனேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். எதிரே ஒரு முதுகு தன்னை நோக்கி வருவதைப் பார்த்து அவள் நின்றாள். சட்டையில் தான் போட்ட ஒட்டுத்துணியை அடையாளம் கண்டுகொண்டாள்.

அவன் திரும்பாமலே விஷயத்தைச் சொன்னான். வேறு ஊர்க்காரி என்றால் வந்த வழியே திரும்பியிருப்பாள். பூச்செண்டு நாலு வருஷம் வெங்கச்சாம்பட்டித் தண்ணீர் குடித்தவள்.

"கடல்லருந்து வாரீங்க, சரி. மீன் எங்க?" என்று கேட்டாள்.

அவள் வாயால் குறை கேட்டு ஐந்து நாளாயிற்று. வெயிலுகந்தானுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. திரும்பும்போது ஒரு சிரமமும் இல்லை. முகமும் காலும் ஒரே பக்கம் போயின. ஒட்டுப்போட்ட சட்டையைப் பற்றியும் சேற்றைப் பற்றியும் அவள் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும், பூட்டிவைத்த காற்று வெளியேறிவிடாதபடி கதவை ஒரு சாண் மட்டும் திறந்து தான் முதலில் நுழைந்துகொண்டு, அவள் கையைப் பிடித்து ஒருக்களித்து உள்ளே இழுத்தான். பூச்செண்டு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். மற்றக் காலை எடுக்குமுன் எதிர்வீட்டு ரேடியோ மறுபடி பேசியது.

"அடுத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மாற்றம் எதுவும் இருக்காது."

ஊர் அப்படியே நின்றது. மாடக்கண்ணு வேட்டியைப் பிழிந்தபடி நின்றார். சடச்சி ஒரு ஆட்டைத் தூக்கியபடி நின்றாள். விஷயம் தெரியாத ஆடு மட்டும் கத்தியது. அங்குச்சாமி முதுகைச் சொறியப் போன கையோடு தெருவில் நின்றார். பூச்செண்டு பாதி வீட்டிலும் பாதி தெருவிலும் நின்றாள். அவள் கை வெயிலுகந்தான் கையில் இருந்தது. விட்டால் மாற்றம் என்பதால் அவன் விடவில்லை. அவனுக்கு விடவும் மனமில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பூச்செண்டு, கால் கடுக்கிறது, கால் மாற்றி நிற்கட்டுமா என்று கேட்டாள். மாற்றுவதென்றால் மாற்றம்தானே என்று அங்குச்சாமி தெருவிலிருந்தே விளக்கினார்.

அப்போதுதான் அங்குச்சாமி வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒன்று மாறிக்கொண்டே இருப்பதை மாடக்கண்ணு கவனித்தார். கடிகார முள். போய் நிறுத்தினால் அது ஒரு மாற்றம். நிறுத்தாவிட்டால் நிமிஷத்துக்கு ஒரு மாற்றம். கணக்குப் போட்டுப் பார்த்து, அங்குச்சாமி திண்ணையில் ஏறிச் சுருக்காகப் பேட்டரியைக் கழற்றிவிட்டு வந்து, கையைப் பழையபடி முதுகுக்குப் போகும் வழியில் வைத்துக்கொண்டார். ஊருக்கு நிம்மதியாயிற்று.

ரொம்ப நேரம் போனபின், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று வெயிலுகந்தான் கேட்டான். அங்குச்சாமி கண்ணை மட்டும் திருப்பித் திண்ணைக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு இருபதுதான் ஆகுது மகனே. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."