துடிப்பு கேட்காவிட்டால்

“அந்த ஒரு வரிய மட்டும் நான் எழுத மாட்டேன் மேடம்” என்றார் ஜெபமணி.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் சர்வர் அறையில் ஏ.சி. குளிர் எலும்பு வரை போகும். ஜெபமணிக்கு அங்கேயும் வியர்த்தது. ஐம்பது வயது தாண்டி இந்தக் கம்ப்யூட்டர் தொழிலுக்கு வந்து சேர்ந்த மாணவர் அவர். கற்றுத்தரும் நாச்சியாருக்கு அவரைவிட வயது குறைவு. பொறுமை அதைவிடக் குறைவு.

“ஏன் எழுத மாட்டீங்க அண்ணாச்சி?”

“உயிரோட இருக்கிறத எப்படிக் கொல்லுதது?”

விஷயம் இதுதான். எந்த நோயாளிக்கு எப்போது என்ன ஊசி என்று வார்டுக்குச் சொல்வது ஒரு சர்வர். அது படுத்துவிட்டால் வேலையை எடுத்துக்கொள்ள இன்னொன்று பக்கத்திலேயே காத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள். ‘இருக்கேன், இருக்கேன்’ என்று முதல் சர்வர் அதில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். ஹார்ட்பீட் என்பார்கள். அந்தத் துடிப்பு கேட்கவில்லையா, காத்திருக்கும் சர்வர் முதல் காரியமாக மற்றதன் கரண்டை வேறொரு வயர் வழியாக நிறுத்த வேண்டும். பிறகுதான் வேலையில் கை வைக்கலாம். இதற்கு ஃபென்சிங் என்று பெயர். ஜெபமணி எழுத மறுத்த வரி அதுதான்.

“துடிப்பு கேக்கலேன்னா அது செத்துட்டுன்னு எப்படி மேடம் சொல்ல முடியும்? கேபிள் லூஸா இருந்தா?”

“சொல்லவே முடியாது.”

“அப்புறம்?”

நாச்சியார் எழுந்து மூலைக்குப் போனார்.

பழகுவதற்கென்று, அந்த வரி இல்லாத இரண்டு பழைய சர்வர்கள் அங்கே கிடந்தன. ஒவ்வொன்றோடும் ஒரு லேபிள் பிரிண்டர். வார்டில் லேபிள் ஒன்று வந்தால் ஊசி ஒன்று. அவற்றை ஓடவிட்டார். நோயாளியின் பெயர் கேட்கும் இடத்தில் ‘கிருபா’ என்று அடித்தார். ரத்தம் உறையாமலிருக்க ஒரு ஊசி என்று கீழே அடித்தார்.

ஜெபமணி திரையைப் பார்த்தார். கிருபா அவர் மனைவி. நான்காவது மாடியில் ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். அதே ஊசிதான் அவளுக்கும். அளவு கூடினால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

“வேற பேரு போடுங்க மேடம்.”

நாச்சியார் நடுவிலிருந்த கேபிளை உருவினார்.

முதல் சர்வர் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. தன் கடமையைச் செய்தது. லேபிள் வந்தது: கிருபா, ஒரு ஊசி.

இரண்டாவது, மற்றது செத்துவிட்டது என்று நம்பி எழுந்தது. அதுவும் தன் கடமையைச் செய்தது. லேபிள் வந்தது: கிருபா, ஒரு ஊசி.

ஜெபமணி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இதுல எது மேடம் தப்பு பண்ணிச்சு?”

“ரெண்டும் பண்ணல.”

ஜெபமணி லேபிள்களைச் சட்டைப் பையில் வைத்தார். நிஜ சர்வரின் முன்னால் போய் உட்கார்ந்தார். அந்த ஒரு வரியை அழித்து அழித்து எழுதினார்.

“முடிஞ்சுது மேடம்.”

“முடியல. நடுவுல இருக்கிற கேபிளை உருவுங்க.”

“மேல அவ இருக்கா!”

“அதனாலதான் சொல்லுதேன். இது என்னைக்காவது தானா அறுந்து போகும். அன்னைக்கு நீங்களும் பக்கத்துல இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். வார்டுல சொல்லி வச்சிருக்கேன். நம்மகிட்ட கேக்காம ஊசி போட மாட்டாங்க.”

“நீங்களே உருவுங்களேன்.”

நாச்சியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கல்நெஞ்சுக்காரி என்று ஜெபமணி மனசுக்குள் திட்டினார். கர்த்தரைக் கூப்பிட்டார். உருவினார்.

ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த சர்வரின் விளக்குகள் சட்டென்று அணைந்தன. விசிறி மெல்ல நின்றது. பக்கத்து சர்வரில் ஒன்றும் அசையவில்லை.

ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று எழவில்லை. கொன்றது அவர் எழுதிய வரி.

“மேடம்...”

“பொறுங்க.”

பக்கத்து சர்வரில் பச்சை விளக்கு எரிந்தது.

சுவரில் இருந்த போன் அடித்தது. நான்காவது மாடி நர்ஸ்.

“சார், கிருபா அம்மாவுக்கு லேபிள் வந்துட்டு.”

“எத்தனைம்மா?” பாதிக் குரல்தான் வெளியே வந்தது.

“இது என்ன கேள்வி சார்? ஒரு ஊசிக்கு ஒண்ணுதான வரும்?”