விழுந்தவனுக்கு ரெண்டு நிமிஷம்

பர்மாவில் சல்வீன் ஆறு கடலைத் தொடும் மோல்மேன் ஊரில் ஊ தெய்ன் ஆசானின் குத்துச்சண்டைக் கூடம் இருந்தது. பர்மியச் சண்டையில் கையுறை கிடையாது, விரல்மேல் சுற்றிய துணி மட்டும்தான். அந்தத் துணியை ஆசான் தம் கையாலேயே சுற்றிவிடுவது மியோ ஒருவனுக்குத்தான். பத்து வருஷமாக அவன் தன் இரண்டு கைகளையும் ஆசானின் மடியில் வைத்து வந்தான். அந்தப் பெருமையில்தான் அவனுக்குச் சோறே இறங்கியது.

மூன்று வருஷத்துக்கு முன் தாய்லாந்துக்குப் போன தூரா திரும்பி வந்தான். மியோவோடு இதே கூடத்தில் ஆட்டம் படித்தவன். சிவப்புக் கையுறையும் ஜெயித்து வாங்கிய பளபளக்கும் இடுப்புப் பட்டையுமாக வந்தவனை ஆசான் உட்கார வைத்து டீ கொடுத்தார். அதோடு விட்டாரா? பயிற்சிக்கு அவன் கைக்கும் தாமே துணி சுற்றினார்.

மியோவுக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பொறாமை என்று பேர் வைக்க மனசு வரவில்லை. நாட்டுப்பற்று என்று வைத்துக்கொண்டான்.

மறுநாள் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"ஆசானே, நம்ம ஆட்டம் பெரிசா, தாய்லாந்துக்காரங்க ஆட்டம் பெரிசா?"

"உனக்கு எது பெரிசு?"

"நம்மதுதான். அவங்க தலையால முட்டினா தப்புங்கிறாங்க. மார்க் போட்டு ஜெயிக்க வைக்கிறாங்க. நம்மகிட்ட அதெல்லாம் ஏது? விழ வச்சாத்தான் வெற்றி."

ஆசான் மறுத்துப் பேசவில்லை. அப்படியானால் நம் வழக்கப்படியே தூராவோடு அஞ்சு சுற்று ஆடு என்றார். இருவர் கைக்கும் அவரே துணி சுற்றினார். முதலில் யாருக்கு என்று மியோ கவனித்துக்கொண்டே இருந்தான். தூராவுக்குத்தான்.

முதல் இரண்டு சுற்றும் தூராவின் கால்தான் பேசியது. மியோவின் விலா கன்றிப்போனது. மூன்றாவதில் மியோ உள்ளே புகுந்து நெற்றியால் ஒரு முட்டு முட்டினான். தூரா அப்படியே சாய்ந்தான். மியோ கையை மடக்கி, முழங்கை மடிப்பில் படீரென்று அறைந்து, வெற்றி ஆட்டம் ஆடத் தொடங்கினான்.

இரண்டு அடி வைப்பதற்குள் ஆசான் கையைத் தூக்கினார். பர்மிய ஆட்டத்தில் நினைவு தப்பி விழுந்தவனுக்கும் ஒரே ஒரு தடவை இரண்டு நிமிஷம் உண்டு. அவனுக்காக யாராவது கேட்க வேண்டும். தூராவுக்காக ஆசானே கேட்டார். ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, காதைத் தேய்த்தார். தன் கைகளை வைத்த மடியில் அவன் தலையா என்று மியோ பார்த்தபடி நின்றான்.

தூரா எழுந்தான். அஞ்சாவது சுற்று முடிந்தபோது இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். இருவரும் நின்றால் யாருக்கும் வெற்றி இல்லை.

கூட்டம் கலைந்ததும் மியோ ஆசானிடம் போனான்.

"நான் ஜெயிச்சிட்டேன். நீங்க அவனை எழுப்பிவிட்டீங்க."

"தாய்லாந்துல பத்து எண்ணி ஆட்டத்தை முடிச்சிருப்பாங்க. நம்ம ஆட்டம்தான் பெரிசுன்னு சொன்னது யாரு?"

மியோ துணியை அவிழ்க்கக் கைகளை நீட்டினான். கேட்கக் கூடாது என்று இருந்ததைக் கேட்டுவிட்டான்.

"என்னைவிட அவன் உங்களுக்கு ஒசத்தியா?"

ஆசான் அவன் கைத்துணியை அவிழ்த்தபடியே, மூன்று வருஷத்துக்கு முன், தூரா ஊரைவிட்டுப் போகுமுன், புத்தர் கோயில் திருவிழாவில் விழுந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லாமலா? நாலாவது சுற்றில் விழுந்தான். கண் திறந்தபோது எதிரே ஆசானின் முகம். அந்த முகத்துக்காகவே எழுந்து கடைசிவரை நின்றான். என் ஆசான் என்னைக் கைவிடவில்லை என்று அன்றிலிருந்து ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான்.

"இனி நீ எழுந்திருக்க மாட்டேன்னு நான் தோல்வியை ஒத்துக்கிட்டுத் துண்டை எறியப் போனேன்," என்றார் ஆசான். "என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு ரெண்டு நிமிஷம் கேட்டவன் தூரா. காதைத் தேய்ச்சு உன்னை எழுப்பினவனும் அவன்தான். நீ கண்ணு முழிக்கிற நேரம் பார்த்து, 'என்னைப் பார்த்தா எழுந்திருக்க மாட்டான், உங்களைப் பார்த்தாத்தான் எழுந்திருப்பான்'னு சொல்லி என்னை முன்னால தள்ளிட்டு விலகிப் போனான்."