பிளக்கைப் பிடுங்கிய பிறகு

ஜெசிந்தா டீச்சரிடம் டிவி ரிப்பேர் வேலை கற்க வந்தவர்களில் டீச்சரைவிட வயதில் மூத்தவர் நயினார் ஒருவர்தான். தூத்துக்குடியில் அவர் வேலை பார்த்த பஞ்சாலை மூடியபின் வேறொரு ரிப்பேர் கடையில் கொஞ்சகாலம் எடுபிடியாக இருந்தார். பிக்சர் டியூபில் கரண்ட் நிற்கிறதா என்று பார்க்க அந்தக் கடையில் ஸ்குரூடிரைவரை நீட்டுவார்கள். நீலமாய்ப் பொறி பறந்தால் நிற்கிறது என்று அர்த்தம். ஒருநாள் அந்தப் பொறி நயினாரின் கை வழியாகப் போனது. அவர் சுவரில் போய் விழுந்தார். தோள்பட்டை இறங்கிவிட்டது.

தோள் சரியாயிற்று. ஆனால் டிவிப் பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றியதும் கை உள்ளே போகாது. டீச்சரின் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் மனைவி செண்பகம் வாசல்வரை வந்து நிற்பாள். "இட்லிக் கடை போட்டாவது பிழைச்சுக்கிடலாம். இந்த வேலை வேண்டாம்" என்பாள்.

அப்படிச் சொல்லிவிட்டு அவள் அழுத ஒருநாள், நயினார் டீச்சரிடம் கேட்டார்.

"டீச்சர், இந்தப் பயம் எப்பதான் போகும்?"

டீச்சர் ஒரு டியூபின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எதைக் கண்டு பயம் அண்ணாச்சி?"

நயினார் யோசித்தார். "உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியலையே. அதைக் கண்டுதான்."

"அப்போ அளந்து பாருங்க."

"நம்ம மீட்டரு ஆயிரம் வோல்ட்டோட நின்னுருமே. டியூபுல இருபத்தையாயிரம்லா இருக்கு."

"அளக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

நயினார் செய்தார். அரை முழத்துக்குமேல் நீளமான அக்ரிலிக் குழாய். ஒரு முனையில் தொடுவதற்குப் பித்தளைக் கம்பி, மறுமுனையில் பிடி. வோல்ட்டைக் குறைத்து மீட்டருக்கு அனுப்ப நடுவில் ஒரு பெரிய ரெசிஸ்டர். கொண்டுவந்து காட்டினார்.

டீச்சர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ரெசிஸ்டர் ஒண்ணுதான் போட்டிருக்கீங்க."

"கணக்கு சரியாத்தான் வருது டீச்சர்."

"கணக்கு சரி. அவ்வளவு பாரத்தையும் அது ஒண்ணே தாங்கணுமா? தாங்கலேன்னா அதைத் தாண்டிக் குதிச்சு உங்க கைக்குத்தான் வரும்."

நயினார் அதைக் கழற்றிவிட்டு, சின்னச் சின்ன ரெசிஸ்டர்களாக வாங்கி ஒன்றின் வாலில் ஒன்றைப் பற்றவைத்தார். ஆளுக்குக் கொஞ்சமாய்ச் சுமக்கட்டும் என்று. பற்றவைத்த இடங்களில் கூரான முனை நிற்காமல் உருட்டிவிட்டார். கடற்காற்றின் உப்பு ஈரம் ஒட்டியிருக்கக்கூடாதென்று ஸ்பிரிட்டால் துடைத்தார். குழாய்க்குள் மெழுகை உருக்கி ஊற்றி ஆறவைத்தார். மறுபடி கொண்டுபோனார்.

பிடியிலிருந்து தொங்கிய எர்த் ஒயரை டீச்சர் விரலில் சுற்றிப் பார்த்தார்.

"இது கழண்டு விழுந்தா என்ன ஆகும்?"

"முள்ளு சரியாக் காட்டாது."

"அப்புறம்?"

நயினார் ஒயரையே பார்த்தார். "கரண்ட் எர்த்துக்குப் போற வழி அடைச்சுப்போகும். வோல்ட்டு முழுசும் மீட்டருக்கு வந்துரும்."

"மீட்டர் எங்க இருக்கும்?"

"என் கையில."

டீச்சர் குழாயை அவரிடமே கொடுத்தார்.

அந்த முறை நயினாருக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய், "அந்தம்மா என்னை வச்சு வேடிக்கை பாக்குது" என்றார். செண்பகம் விவரம் கேட்டாள். அவர் சொன்னார். கேட்டுவிட்டு, "வேடிக்கை பாக்கிறவங்க ஏன் ஒயரு கழலுமான்னு கேக்கப்போறாங்க?" என்றாள். நயினார் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பிடியைப் பிரித்தார். ஒயர் கழலாதபடி உள்ளே முடிச்சிட்டு, திருகாணி போட்டு இறுக்கினார். மீட்டர் கழன்றாலும் கரண்ட் எர்த்துக்கே போகும்படி, மீட்டரை ஒட்டிய கடைசி ரெசிஸ்டரையும் பிடிக்குள்ளேயே வைத்துப் பற்றவைத்தார். மீட்டரைக் கையில் பிடிக்கப்போவதில்லை, பெஞ்சில்தான் வைக்கப்போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் டீச்சர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெஞ்சில் பின்பக்கம் திறந்து கிடந்த ஒரு டிவியைக் காட்டினார்.

"அந்த டியூபைக் கழத்தணும் அண்ணாச்சி."

நயினார் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, டியூபுக்குள் கரண்ட் நுழையும் இடத்திலிருந்த ரப்பர் மூடியை நோக்கிக் கையை நீட்டினார்.

"அதுல கரண்ட் இல்லையா?" என்றார் டீச்சர்.

"இல்லை டீச்சர். காலையிலயே பிளக்கைப் பிடுங்கிட்டேன்."

"அது பிளக்கைப் பத்தின சேதி. நான் டியூபைப் பத்திக் கேட்டேன்."

நீட்டிய கை நின்றது. நயினார் கருவியை எடுத்தார். முதலில் எர்த் கிளிப்பை டியூபின் முதுகில் எர்த்துக்காக ஓடிய செம்புப் பின்னலில் மாட்டினார். இழுத்துப் பார்த்தார். கரண்ட் நெஞ்சு வழியாகப் பாய வழியில்லாதபடி இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். பித்தளை முனையை மெதுவாக ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தார்.

மீட்டரின் முள் எழுந்தது. கருவி குறைத்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒன்பதாயிரம்; அதில் நின்று, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது.

நயினார் முனையை எடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சற்றுமுன் நீட்டிய வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு. கண்ணும் நிறைந்தது. டீச்சர் டீ வரவழைத்தார்; இருவரும் குடித்து முடித்தார்கள்.

நயினார் எழுந்து, எர்த்தோடு இணைத்த கம்பியால் டியூபில் மிச்சமிருந்த கரண்டை எர்த்துக்கு இறக்கினார். சற்றுப் பொறுத்து அளந்தார். முள் லேசாகத் தலைதூக்கியது. செத்ததுபோல் கிடந்த டியூப் எங்கிருந்தோ மறுபடி கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தது. மறுபடி இறக்கினார். மறுபடி அளந்தார். இந்தத் தடவை முள் அசையவே இல்லை.

"முடிஞ்சுது டீச்சர்."

"முள்ளு அசையலேன்னா டியூபுல ஒண்ணுமில்லாம இருக்கலாம். உங்க கருவி செத்துப்போயும் இருக்கலாம். ரெண்டுல எது?"

நயினார் கருவியை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் வேலை முடிந்து நின்ற இன்னொரு டிவியிடம் போனார். அதையும் முதலில் இறக்கிவிட்டு, கிளிப்பை மாட்டி, முனையை நுழைத்து, அதன்பிறகே சுவிட்சைப் போட்டார். முள் இருபத்துநாலாயிரத்துக்குப் பாய்ந்தது. அணைத்தார். இறக்கினார். திரும்பி வந்து பழைய டியூபில் வைத்தார்.

முள் படுத்தே கிடந்தது.

கருவியைக் கீழே வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போ கை வைக்கலாமா டீச்சர்?"

டீச்சர் காலி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"இப்பவும் என்கிட்டதான் கேக்கணுமா அண்ணாச்சி?"