மூன்று கிண்ணத்துச் செம்மது

மேல்மலைத் திராட்சைத் தோட்டத்தில் பழம் மிதிக்கும் பெண் பொம்மக்காளைப் பாறை விளிம்பில் நிறுத்தினார் பாளையக்காரர் லிங்கைய நாயக்கர்.

"மதுவில் தண்ணீர் கலந்தாயா? ஒரு துளி கலந்தாலும் என் நாக்குக் காட்டிக்கொடுக்கும். தள்ளுங்களடா இவளை!"

கீழே அதலபாதாளம். சாறு ஊறிச் சிவந்த கால்களைப் பாறையில் அழுத்தி ஊன்றினாள் அவள்.

"சாமி, அந்த நாக்கே தீர்ப்புச் சொல்லட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று கிண்ணம் சுவையுங்கள். தண்ணீர் கலந்தது எதுவென்று காட்டினால் நானே குதிக்கிறேன்."

நாயக்கரின் கண்ணைக் கட்டியதும், நாயக்கரே முத்திரையிட்டு வைத்திருந்த குடத்தை, அவருடன் வந்திருந்த விருந்தாளியிடம் அவள் நீட்டினாள். அவர் முத்திரையை உடைத்து மூன்று கிண்ணங்களையும் நிரப்பினார்.

"நடுக்கிண்ணம்! வெறும் தண்ணீர்!" என்று துப்பினார் நாயக்கர்.

"மூன்றும் ஒரே குடம், சாமி. உங்கள் முத்திரைக் குடம்."

விருந்தாளியின் சிரிப்பு பள்ளத்தில் எதிரொலித்தது. அவளைத் தள்ளக் காத்திருந்த காவலர்கள் தாமாக விலகினர். பொம்மக்காள் சிரிக்கவில்லை, விளிம்பிலிருந்து பத்தடி நடந்த பிறகே மூச்சு விட்டாள்.