கோட்டையில் ஒரே கட்டில்

அது கட்டைகளை அடுக்கி விளையாடும் கம்ப்யூட்டர் விளையாட்டு. மண்ணைத் தோண்டலாம், மரம் வெட்டலாம், என்ன வேண்டுமானாலும் கட்டலாம். ஜெயிப்பது, தோற்பது எதுவும் கிடையாது. தமிழ் ஆட்கள் சிலர் சேர்ந்து அதில் ஒரு சர்வர், அதாவது எல்லாரும் ஆன்லைனில் கூடி விளையாடும் ஒரு தனி உலகம், நடத்தினார்கள்.

சர்வரைப் பார்த்துக்கொண்டவள் சுமையா. காலேஜ் இரண்டாம் வருஷம். எல்லாரும் அவளை ‘குருவே’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கிண்டலுக்குத்தான். பிறகு அதுவே ஒட்டிக்கொண்டது.

சீலன் அவளைவிடப் பெரியவன், வேலைக்குப் போகிறவன். ரொம்ப வருஷம் தனியாகவே விளையாடி அலுத்துப்போய், நாலு பேருக்கு உபயோகமாக ஏதாவது செய்யலாம் என்று வந்தான். அங்கே கட்டுகிறவர்களுக்கு மட்டும் பறக்கும் அனுமதி உண்டு. மற்றவர்கள் நடக்க வேண்டியதுதான். சீலனுக்கு அனுமதி கிடைத்தது. புதிதாக வருகிறவர்கள் தங்குவதற்கென்று மலை உச்சியில் ஒரு கோட்டை கட்டினான்.

பிரமாதமான கோட்டை. நன்றாக இல்லை என்று சொன்னால் அது வயிற்றெரிச்சல்.

அந்த சர்வரில் ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை உலகத்தையே துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். யாராவது கட்டில் போட்டுத் தூங்குகிற இடம் மட்டும் தப்பிக்கும். கட்டினவனுடைய கட்டில் கணக்கில் சேராது.

கோட்டையில் சீலனின் கட்டில் மட்டும்தான் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை துடைப்பு. வெள்ளிக்கிழமை அவன் சுமையாவை வாய்ஸ் சாட்டில் பிடித்தான்.

“குருவே, இது அநியாயம். சோறு தண்ணி இல்லாம கட்டினேன். கீழ ஒருத்தன் கோழிக்கூடு மாதிரி ஒண்ணு கட்டி வச்சிருக்கான். அதுல கால் வைக்க இடமில்லாம கட்டில் போட்டிருக்காங்க. இவங்களுக்கெல்லாம் ரசனையே கிடையாதா?”

“மலையடிவாரத்துக்கு வாங்க ப்ரோ. பேசலாம்.”

பறந்து வந்து இறங்கினான். சுமையா கீபோர்டில் ஏதோ தட்டினாள்.

“மேல போலாமா?”

“வாங்க,” என்று தாவினான். ஒரு கட்டை உயரம் எழும்பித் தொப்பென்று விழுந்தான். மறுபடி தாவினான். மறுபடி தொப்.

“குருவே, பறக்க முடியல.”

“நான்தான் எடுத்துட்டேன்.”

“அப்ப எப்படி மேல போறது?”

“எனக்கென்ன தெரியும்? நீங்கதானே கட்டினீங்க.”

சீலன் மலையைச் சுற்றி நடந்தான். படி இல்லை. ஏணி இல்லை. ஒரு கயிறுகூட இல்லை.

எதிரே ஒரு புது ஆள் வந்தான். பெயர் முட்டைபரோட்டா. தலைக்கு மேலே அப்படித்தான் எழுதியிருந்தது.

“அண்ணே, நீங்களும் வழி தேடுறீங்களா? விடுங்கண்ணே, நான் போன வாரமே தேடிட்டேன். மேல எவனோ ஜாலியா சுத்திக்கிட்டு இருக்கான். கத்திப் பாத்தேன், எட்டிக்கூடப் பாக்கல.”

சீலன் மைக்கை அணைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாறையை வெட்டும் சத்தம் கேட்டது.

பறக்காமல் மலையில் படி வெட்டுவது கொடுமை. கால் தவறி விழுந்து செத்தான். திரும்ப வந்து வெட்டினான். திரும்பச் செத்தான். படி மேலே போக வேறு வழியே இல்லாமல், முன்சுவரில் ஆசை ஆசையாகச் செதுக்கிய யாளியின் மூஞ்சியை உடைத்து வாசல் வைத்தான். அப்போது மட்டும் அவன் கெட்ட வார்த்தை பேசினான். மைக் இன்னும் அணைந்துதான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் முட்டைபரோட்டா முதலில் ஏறினான். பின்னாலேயே ஒரு கும்பல் ஏறியது.

“அடேயப்பா, உள்ள இவ்ளோ இடம் இருக்கா!”

“டேய், ஜன்னல் பக்கம் எனக்கு!”

“தள்ளிப் போடுடா கட்டில!”

ஞாயிற்றுக்கிழமை உலகத்தைத் துடைத்தார்கள். கோட்டை மட்டும் மலையும் படியுமாக அப்படியே நின்றது.

சுமையா கூப்பிட்டாள். “என்ன ப்ரோ, தப்பிச்சுடுச்சு. ட்ரீட் எங்க?”

“சந்தோஷம்தான் குருவே.”

“குரல் அப்படிச் சொல்லலையே.”

சீலன் கொட்டிவிட்டான். “சிம்மாசனத்து மேல கோழி உக்காந்திருக்கு குருவே. கலர் கண்ணாடிய உடைச்சிட்டு அந்த இடத்துல அடுப்பு வச்சிருக்காங்க. தர்பார் மண்டபம் பூரா ரோஸ் கலர் பெயின்ட். கண்கொண்டு பாக்க முடியல. நீங்களே சொல்லுங்க, இது இன்னும் என் கோட்டைதானா?”

சுமையா சிரித்தாள்.

“அடிவாரத்துல ஒரு புது ஆள் நின்னு கத்திக்கிட்டு இருக்காரு ப்ரோ, ‘எந்த மடையன் இவ்ளோ செங்குத்தா படி வெட்டுனது’ன்னு. போய்ப் பதில் சொல்லுங்க.”