ஜீப்புக்கு அடியில் ஒரு சத்தம்

மலை எஸ்டேட் ஒன்றில் ஒரு ஜீப் இருந்தது. அதன் பின்சக்கரத்தை ஒட்டி, யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு ஷாக் அப்சார்பர் வேலை பார்த்து வந்தது. சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் ஸ்பிரிங் துள்ளும். அந்தத் துள்ளலைப் பிடித்து அடக்குவதுதான் அதன் வேலை.

ஓட்டுநர் இன்பராஜ் அந்த ஜீப்பின்மேல் உயிரையே வைத்திருந்தார். பானெட்டைப் பளபளவென்று துடைப்பார். விளக்குக்கு மேல் விளக்கு மாட்டுவார். அடியில் மட்டும் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

மழை தொடங்கிய வாரத்தில் ஒரு கல் தெறித்து ஷாக் அப்சார்பரின் ரப்பர் உறை கிழிந்தது. சேறு உள்ளே புகுந்து, வழுவழுப்பான தண்டை அரைக்க ஆரம்பித்தது.

“ஐயோ, எரியுதே! புது உறை ஒண்ணு மாட்டி, தண்ணி அடிச்சுக் கழுவினா போதும். யாராவது அவர்கிட்ட சொல்லுங்களேன்!” என்று கதறியது ஷாக் அப்சார்பர்.

“நீயே சொல்லேன்,” என்றது ஸ்பிரிங்.

“சொல்லாமலா இருக்கேன்? காலையிலேருந்து டக்குடக்குனு அடிச்சுக்கிட்டுத்தானே கிடக்கேன்!”

“உன் குரல் எடுபடாது,” என்றது ஹாரன். “நான் ஒரு சத்தம் போட்டா ரோடே ஒதுங்கும்.”

“அப்ப எனக்காக ஒரு சத்தம் போடேன்!”

“அவர் அமுக்கினாத்தான் போடுவேன்.”

ஷாக் அப்சார்பருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இன்னும் பலமாகத் தட்டியது. மேலே இன்பராஜ் முகம் சுளித்தார். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

தண்டில் கீறல் விழுந்தது. எண்ணெயை அடைத்து வைத்திருந்த சீல் கிழிந்தது. உள்ளேயிருந்த எண்ணெய் வழியெல்லாம் சொட்டிப் போனது.

ஒரு மத்தியானம், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் இறக்கத்தில் வந்தது. வளைவில் ஸ்பிரிங் எம்பியது.

“பிடி, பிடி!”

“எதை வச்சுப் பிடிக்க? எண்ணெய்தான் தீர்ந்துபோச்சே!”

சக்கரம் தரையில் நிற்காமல் குதித்தது. ஜீப்பின் பின்பக்கம் பள்ளத்தாக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஓரத்துப் பாறையில் முட்டி நின்றது. பெண்கள் அலறினார்கள்.

அவர்களில் ஒருத்தி இன்பராஜின் மனைவி ரோஸ்லின். இறங்கியவள், சேற்றில் முழங்காலிட்டு அடியில் பார்த்தாள்.

“ஏங்க, இங்க வந்து பாருங்க! எண்ணெய் ஒழுகி மண்ணு அப்பிக் கிடக்கு. அது என்ன சத்தம், என்ன சத்தம்னு நான் கேட்டப்பல்லாம் பாட்டைக் கூட்டி வச்சீங்களே, இதுக்குத்தானா?”

இன்பராஜ் பாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

மறுநாள் மெக்கானிக் கபூர் ஷாக் அப்சார்பரைக் கழற்றினார். “தண்டெல்லாம் கீறல். இனி தேறாதுண்ணே.” புதிதாக ஒன்றை மாட்டினார். அதன் உறை இறுகும்வரை ரோஸ்லின் நகரவில்லை. பிறகு தண்ணீர்க் குழாயைப் புருஷன் கையில் திணித்தாள். “இனிமே முதல்ல அடியைக் கழுவுங்க. அப்புறம் பானெட்டைத் துடைக்கலாம்.”

பழையது இரும்புக் குவியலில் போய் விழுந்தது. இன்பராஜ் அதைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“நல்லாத்தான் இருந்துச்சு கபூரு. திடீர்னு போயிடுச்சு.”

எத்தனையோ பள்ளங்களைத் தாங்கிய ஷாக் அப்சார்பருக்கு, அந்தத் ‘திடீர்’ என்ற ஒரு சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.